ஒப்பியல் ஆய்வும் அயலார் மொழியும்

கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் உளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்த அக்கல் 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. 1911 ஆம் ஆண்டிற் காலி நகரிற் கண்டெடுக்கப்பெற்றது. அதன்கண் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தபிரானுக்கு அளித்த காணிக்கைகளைக் கூறும். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு அளித்தவற்றைக் கூறும். பாரசீகப் பகுதி இசுலாமியர் வழிபடும் இறைவனைப் போற்றும். சீனம் மட்டும் அறிந்த ஒருவர் அக்கல்லைப் பௌத்தச் சாசனம் என்றே கொள்வர். தமிழ் மட்டும் அறிந்தவர் அதனை வைணவக் கொடைச் சாசனம் என்று துணிவர். பாரசீகம் மட்டும் கற்றவர் கொள்ளும் முடிபு பிறிதொன்றாகும். மூவரும் பொய் கூறினாரல்லர்; எனினும் மூவருள் ஒருவரேனும் கல்லை முற்றும் படித்தாருமல்லர்.

பிற பண்பாடுகளைப் பல்கலைக்கழகத்திற் கற்றல் என்பது யாது, அது யாது பயன் தரும் என்பவற்றிற்கு இக்கல்லினும் சிறந்த விளக்கம் காண்டல் அரிது. ஆயினும் அக்கல்லில் ஒரு குறை உளது. சீனமும் பாரசீகமும் தமிழும் இடம்பெற்ற அதன்கண், அது நாட்டப்பெற்ற நிலத்திற் பெரும்பாலோர் பேசிய சிங்களம் இல்லை. சேய்மையிலுள்ள மொழிகள் மூன்றும் ஒருங்கு கூடின. அண்மையிலுள்ள மொழி விடுபட்டது. தமிழறிஞர் கடந்த நூற்றாண்டில் உலகப் பண்பாடுகளை நோக்கி நிகழ்த்திய ஒப்பியல் ஆய்வின் ஆக்கமும் குறையும் இக்கல்லிற் போலவே அமைந்துள்ளனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டாஞ்சேனையின் தெருக்களும் அக்கல்லை ஒத்தனவே. புனித லூசியா பேராலயமும் தீபதுத்தமாராம விகாரையும் விவேகானந்த சபையின் மண்டபமும் ஒருவர் காலையிற் புறப்பட்டு வெயிலேறுமுன் நடந்து கண்டு திரும்பக்கூடிய எல்லைக்குள் அமைந்தவை. அடுத்துள்ள கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசர் கருங்கற் கோயிலும் புனித அந்தோனியார் திருத்தலமும் உள. சிக்காகோவிற் சர்வமத மகாசபையிற் பேசிப் புகழ்பெற்று மீண்ட விவேகானந்த அடிகள் 1897 ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் கொழும்பில் இறங்கினார். அவர் பெயரால் 1902 ஆம் ஆண்டிற் சபை தோன்றி இப்பகுதியில் நிலைபெற்றது. உலகை நோக்கிய பார்வை கொட்டாஞ்சேனைக்குப் புதிதன்று.

ஆயின், அயலிருத்தலும் அயலை அறிதலும் ஒன்றல்ல. 1883 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்தினருக்கும் கத்தோலிக்கருக்கும் இதே தெருவிற் கைகலப்பு மூண்டது. அது கொட்டாஞ்சேனைக் கலகம் என்றே இலங்கை வரலாற்றில் வழங்குகின்றது. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளின் காரணங்கள் வெவ்வேறு. முன்னையதையும் பின்னையதையும் ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். எனினும், மணியோசையும் பிரித்தோதலும் தேவார இசையும் ஒருவர் செவியில் ஒருங்கே விழுவதனால் மட்டும் அவர் அவற்றின் பொருளை அறிந்தவராகார் என்பதற்கு இவை சான்று. அறிவு அண்மையினாற் பிறப்பதன்று, கற்றலினாற் பிறப்பது.

கற்றலும் மூவகைப்படும். வாது செய்தற்குக் கற்றல் ஒன்று. தம் பெருமையை நிலைநாட்டற்குக் கற்றல் ஒன்று. பிறரைத் தெளிதற்குக் கற்றல் ஒன்று. பல்கலைக்கழகங்கள் தோன்றுமுன் இலங்கையில் நிகழ்ந்த பிறசமயக் கல்வி பெரும்பாலும் முதல்வகையினது. தீபதுத்தமாராமத்தில் வாழ்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறித்தவ வேதத்தைக் கற்று, 1873 ஆம் ஆண்டிற் பாணந்துறையில் நிகழ்ந்த பெருவாதத்திற் பௌத்தர் சார்பில் நின்று வாதிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்துப் பெற்ற அறிவையே 1854 ஆம் ஆண்டில் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திற் படைக்கலமாகக் கொண்டார். இருவரும் பிறர் நூலை ஆழ்ந்து கற்றவர். தத்தம் சமூகத்தின் மானத்தைக் காத்தவர். ஆட்சியும் அச்சகமும் கல்விக்கூடமும் ஒரு பக்கத்தார் கையில் இருந்த காலத்தில் வாது தவிர்க்கவொண்ணாததாயிற்று. எனினும் வாதுக்குக் கற்பவர் பிறர் நூலில் வழுவையே தேடுவர். அந்நூலை வாழ்வித்த மக்களைத் தேடார்.

இந்நிலை மாறி, ஒப்புநோக்கு ஒரு கல்விமுறையாக உருப்பெறத் தொடங்கியதைச் சுவாமி விபுலாநந்தரின் மதங்க சூளாமணி காட்டும். 1924 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நிகழ்த்திய உரையின் விரிவாக 1926 இல் அது வெளிவந்தது. சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தமிழ் நாடக இலக்கணத்தையும் வடமொழித் தசரூபகத்தையும் ஒருங்குவைத்து நோக்கிய நூல் அது. சேக்சுபியரைத் தாழ்த்தவேண்டும் என்ற எண்ணமோ, தமிழை அவர்முன் குனியச் செய்யவேண்டும் என்ற எண்ணமோ அதில் இல்லை. 1921 இல் இலண்டன் பல்கலைக்கழகத்துத் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் கல்லூரியாகத் தோன்றி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்த நிறுவனத்தில், 1943 ஆம் ஆண்டு முதற் றமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவரே. ஆகவே இலங்கையிற் றமிழ்த்துறை தொடங்கும்போதே ஒப்பியல் நோக்கோடு தொடங்கியது எனலாம். அவ்வித்திலிருந்து கிளைத்த மூன்று முயற்சிகளை இனி மதிப்பிடுதல் தகும்.

முதலாவது, தனிநாயக அடிகளின் முயற்சி. 1913 ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்து, கொழும்பிலும் உரோமாபுரியிலும் குருத்துவக் கல்வி கற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் றமிழ் பயின்ற அடிகளார், 1952 இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். அவ்வாண்டு தொட்டு 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்துக் கல்வித்துறையிலும், அதன்பின் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியற்றுறையிலும் பணிபுரிந்தார். 1964 சனவரி 7 ஆம் நாள் புதுடில்லியிற் கீழைத்தேயவியலார் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பெற்றது. பிரான்சு நாட்டு அறிஞர் ழான் பிலியோசா அதன் தலைவர். அடிகளாரும் செக்கோசிலோவக்கிய அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர். 1966 இற் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடிற்று. தமிழ் ஒரு மாகாணத்தின் மொழி என்ற எண்ணம் அன்றோடு அறிஞர் மத்தியில் வலியிழந்தது.

அடிகளாரின் ஆய்வுகளுள் இயற்கையும் கவிதையும் பற்றிய நூல் தலையாயது. சங்கப் பாடல்களின் திணை நெறியைக் கிரேக்க, உரோமக் கவிதைகளின் இயற்கை நோக்கோடு ஒப்பிட்டு, மாந்தர் வாழ்வுக்கு நிலம் எங்ஙனம் பின்புலமாகின்றது என்பதை அந்நூல் விளக்கியது. இலத்தீனை மொழிபெயர்ப்பின் வழியன்றி நேரிற் கற்றவராதலின் அவர்தம் ஒப்பீட்டிற்கு உறுதி உண்டு. அந்தாவோ தெ புரோயென்சா என்னும் பாதிரியார் ஆக்கி, 1679 இல் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கேய அகராதியை அவர் 1954 இல் வத்திக்கான் நூலகத்திற் கண்டார். 1966 இல் மறுபதிப்பாக்கினார். போர்த்துக்கேயமும் தமிழும் சந்தித்த இடத்தை ஏட்டிற் கண்டு காட்டிய அப்பணி ஒன்றே பல மேடைப் பேச்சுக்களினும் மேலானது.

எனினும் அடிகளாரின் முயற்சியிற் குறைபாடு ஒன்றும் இல்லை எனல் ஆய்வாகாது. அவர் 1952 இல் வெளியிட்ட கட்டுரை நூலுக்குத் தமிழ்த்தூது எனப் பெயரிட்டார். அப்பெயரே அவர் பணியின் இயல்பைச் சொல்லும். தூதர் தம்மை விடுத்தாரின் சிறப்பைச் சென்ற நாட்டில் எடுத்துரைப்பர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரின் செய்தி தமிழுலகம் அறிந்தது. ஆயின் தூது என்பது சொல்லிவருதலோடு அமைவதன்று. கேட்டு வருதலும் அதன் பாற்படும். அடிகளார் தொடங்கிய இயக்கம் உலகுக்குத் தமிழைச் சொல்லிற்று. உலகிலிருந்து தமிழுக்கு வரவேண்டிய மறுமொழி அந்த அளவிற்கு வந்து சேரவில்லை. அவருடைய இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தமையாற் பாரிசிலும் பிராக்கிலும் இருந்தோர் படித்தனர். ஆங்கிலம் அறியாத பண்டிதரும் பாடசாலை மாணவரும் படித்திலர். ஒன்றே உலகம் என்னும் பயணநூல் அக்குறையை ஓரளவு தீர்த்தது. ஆயினும் அவர் வழிவந்தோருட் பலர் அவருடைய பன்மொழிப் பயிற்சியை விட்டுவிட்டு, பிறர் வாயாற் றமிழ் புகழப்படுவதை மட்டும் கைக்கொண்டனர். அயல்நாட்டறிஞர் ஒருவர் தமிழைப் புகழ்ந்தார் என்பது செய்தி, ஆய்வன்று. மேலே கூறிய மூவகைக் கல்வியுள் இது இரண்டாவதாகிய பெருமிதக் கல்வியாகத் தேய்ந்தமைக்கு அடிகளார் பொறுப்பாளரல்லர். எனினும் அதற்கு இடங்கொடுத்தது தூது என்னும் கருத்தே.

இரண்டாவது, பேராசிரியர் க. கைலாசபதியின் முயற்சி. பேராதனையிற் பயின்று, தினகரன் ஆசிரியராக விளங்கி, பின்னர் இங்கிலாந்திற் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்தவர் அவர். அவ்வாய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகத் தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலாக வந்தது. அடுத்த ஆண்டிலே ஒப்பியல் இலக்கியம் என்னும் தமிழ் நூலும் வெளிவந்தது. ஹோமரின் காப்பியங்கள், ஐரிசு, வேல்சு மொழிகளின் பழம்பாடல்கள் முதலியவற்றோடு புறநானூறு முதலியவற்றை ஒப்பிட்டு, பாணரும் புலவரும் வாழ்ந்த சமூகத்தின் உற்பத்தி முறையும் அரசியலும் எத்தகையன என்று அவர் வினவினார். எது உயர்ந்தது என்று அவர் வினவினாரில்லை. ஏன் இவ்வாறு அமைந்தது என்றே வினவினார். தமிழாய்வில் இவ்வினா மாற்றம் மிகப் பெரியது. தமிழர்க்கே உரியது எனப் போற்றப்பட்ட பல இயல்புகள், ஒத்த சமூக நிலையில் வாழ்ந்த பிற மக்களிடத்தும் காணப்படும் என்று நிறுவுதற்கு அக்காலத்தில் அறிவு மட்டுமன்றித் துணிவும் வேண்டியிருந்தது.

ஆயினும் அந்நூலின் அடிப்படை ஒன்று தளர்வுடையது. மில்மன் பரி என்னும் அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியாவில் எழுத்தறியாப் பாடகரின் பாடல்களைப் பதிவுசெய்து, வாய்மொழிப் பாடகர் ஆயத்தத் தொடர்களைக் கொண்டே நீண்ட கதைகளை உடனுக்குடன் புனைகின்றனர் என்று காட்டினார். கைலாசபதி அக்கொள்கையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். ஹோமரின் இலியட் 15,000 அடிகளுக்கு மேற்பட்டது. பத்துப்பாட்டில் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சியோ 782 அடிகளது. புறநானூற்றுப் பாடல்கள் பல ஒரு பக்கத்தில் அடங்குவன. இரவு முழுதும் கதை தொடரவேண்டிய பாடகருக்கு ஆயத்தத் தொடர் தேவை. சிறுபாட்டைச் செப்பஞ்செய்யும் புலவருக்கு அத்தேவை அவ்வளவாக இல்லை. சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களுட் பல, பாடகரின் அவசரத்தாலன்றித் திணை மரபின் ஒழுங்கால் வந்தன என்று கொள்ளவும் இடமுண்டு. ஜோர்ஜ் ஹார்ட் 1975 இல் வெளியிட்ட நூலில், புலவர் எழுத்தறிந்தோர் என்றும் அவர்தம் பாட்டு வாய்மொழிப் பாணர் மரபைப் பின்பற்றியது என்றும் வேறு விளக்கம் தந்தார். இங்கே ஒப்பீடு விளக்கைப் போன்று நின்றதோடமையாது அச்சாகவும் மாறி, பொருளைத் தன் வடிவிற் பிடிக்கலாயிற்று. பிறநாட்டிற் பிறந்த கொள்கை தமிழுக்கு ஒளி தரும். ஆயின் அவ்வொளியிற் காணப்படாதவை இல்லாதன ஆகா.

ஈண்டு, தொம்சனின் வாழ்க்கை பெரிதும் சிந்திக்கத்தக்கது. இலண்டனிற் பிறந்த அவ்வறிஞர் 1923 ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள பிளாஸ்கற் தீவிற் சென்று தங்கி, மீன்பிடித்து வாழும் எளிய மக்களிடம் ஐரிசு மொழி கற்றார். கால்வே நகரிற் கிரேக்கத்தை ஐரிசு மொழியிலேயே கற்பித்தார். அத்தீவில் வாழ்ந்த மொரிசு ஓ சலிவன் என்பார் தம் வாழ்வை எழுத ஊக்கி, 1933 இல் அந்நூல் வெளிவரத் துணைபுரிந்து, அதனை ஆங்கிலத்திற் பெயர்ப்பதிலும் பங்குகொண்டார். தீவு மக்களின் பேச்சைக் கேட்ட பின்னரே ஹோமரின் மொழி தமக்கு உயிர்பெற்றது என்பது அவர் கொண்ட முடிபு. ஆளும் இனத்திற் பிறந்தவர், ஆளப்பட்டோர் மொழியை அவர்தம் குடிசையிலிருந்து கற்றார். அதன் பயனாகத் தாம் முன்பே கற்ற பழநூலை மீண்டும் கற்றார். பரியும் யூகோசிலாவிய நாட்டு மொழியைக் கற்றே பாடகரிடம் சென்றார். கைலாசபதி தொம்சனிடம் கற்ற ஆய்வுமுறையைத் தமிழர் பெரிதும் எடுத்துக்கொண்டனர். தொம்சன் பிளாஸ்கற் தீவிற் கற்ற முறையை எடுத்துக்கொள்ளுதற்கு இன்னும் காலம் உளது.

மூன்றாவது முயற்சி ஏட்டினும் மேடையிலே பெரிதும் நிகழ்ந்தது. 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கிற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் மனமே நாடகம் அரங்கேறியது. பல்கலைக்கழக மாணவர் நடித்த அந்நாடகம் சிங்கள நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். பௌத்த சாதகக் கதை ஒன்றைப் பொருளாகவும், நாடகம என்னும் பழைய ஆட்டமுறையை வடிவாகவும் அது கொண்டது. அதற்கு முன் சரச்சந்திர கிராமங்கள்தோறும் சென்று சிங்கள மக்கள் நாடகத்தை ஆராய்ந்தவர். யப்பான் சென்று நோ, கபுகி நாடகங்களைக் கண்டவர். நாடகம என்னும் வடிவம் கத்தோலிக்கர் வழியாகப் பரவிய தமிழ்க் கூத்திலிருந்து வந்தது என்பதை மறையாது எடுத்துக் கூறியவரும் அவரே. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டிலே, சிங்களப் பண்பாட்டின் மறுமலர்ச்சி எனப் போற்றப்பட்ட நாடகம் தமிழ்க் கூத்தின் வேரிலிருந்து மலர்ந்தது. பாராளுமன்றம் பிரித்ததை அரங்கு பிணைத்துக் காட்டிற்று.

அதே பல்கலைக்கழகத்திற் றமிழ்த்துறையிலிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், சரச்சந்திரவின் முயற்சியாற் றூண்டப்பெற்றுத் தம் மக்களின் கூத்தை நோக்கினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு 1962 இற் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன், 1967 இல் வாலிவதை ஆகியவை மேடையேறின. மன்னார்க் கத்தோலிக்கர் பேணிய எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை 1964 இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966 இலும் அவர் பதிப்பித்தார். சைவச் சூழலிற் பிறந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் கத்தோலிக்க மீனவர் பாடிய நாடகத்தைப் பாடம் பார்த்துப் பதிப்பித்தமை, சமய எல்லையைக் கல்வி கடந்தமைக்கு நல்ல சான்று.

இம்முயற்சியும் குறையற்றதன்று. வட்டக்களரியில் ஊரார் சூழ்ந்திருக்க விடியும்வரை ஆடிய கூத்தைச் சட்டமேடையில் ஒன்றிரண்டு மணி நேரத்துள் அடக்கியபோது அதன் சடங்கு இயல்பும் பார்ப்போரின் பங்கும் சுருங்கின. நகரத்துக் கற்றோர் கண்ணுக்கு ஏற்பச் செம்மைப்படுத்தப்பட்டதனை மட்டும் கூத்து எனக் கொண்டு, அதனை ஊரிற் காத்தோரை மறத்தல் எளிதாயிற்று. எனினும் முன்னைய இரு முயற்சிகளிலும் இல்லாத ஒன்று இதில் உளது. இங்கே அயலவர் இருவர் ஒருவர் கலையை ஒருவர் கண்டனர். கண்டதனாற் றம் கலையை மீண்டும் கண்டெடுத்தனர். ஒருவர் மற்றவர்க்குத் தூது செல்லவில்லை. ஒருவரை மற்றவர்க்கு அச்சாகவும் கொள்ளவில்லை. மூன்றாவது வகையாகிய தெளிதற்குக் கற்றல் என்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழகம் காட்டிய சிறந்த எடுத்துக்காட்டு இதுவேயாகும்.

இத்தகைய சந்திப்புகள் பின்னர் ஏன் அருகின? 1960 ஆம் ஆண்டு முதல் கலைத்துறை மாணவர் தாய்மொழி வழியே கற்கலாயினர். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு அதனாற் றிறந்தது. ஆங்கிலம் அறிந்த சிலர்க்கே உரியதாயிருந்த கல்வி பலர்க்கு உரியதாயிற்று. அந்நன்மையைக் குறைத்துக் கூறல் நன்றியன்று. ஆயின் அதே ஏற்பாட்டாற் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே பாடத்தை இரு வகுப்பறைகளிற் கேட்கலாயினர். ஒரு சாரார் கண்ட வரலாறு மறுசாரார் அறியா வரலாறாயிற்று. கூரை ஒன்று, அறை இரண்டு, இடைச்சுவரிற் கதவு அமைப்பது எவர் கடமை என்பது மட்டும் வரையறுக்கப்படவில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். ஆங்கிலமே இருசாரார்க்கும் பாலமாக உள்ளதன்றோ என்பர். பாலம் உண்டு, அதன் மேற் செல்வோர் சிலரே. அன்றியும், அயலார் கவிதையை மூன்றாம் மொழியிற் படிப்பவர் பொருளை அறிவர், குரலை அறியார். திருக்குறளை ஆங்கிலத்திற் படித்தவர் தமிழரை அறிந்தவராகார் எனில், சிங்களக் கவிதையை ஆங்கிலத்திற் படித்தவரும் சிங்களரை அறிந்தவராகார். நீதி இருபாலும் ஒன்றே.

இரண்டாந் தடை இதனினும் வலிது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் தமிழ் அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சி பெற வற்புறுத்தப்பட்டனர். ஊதியமும் பதவியுயர்வும் அதனோடு பிணைக்கப்பட்டன. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளில் உயிரும் உடைமையும் இழந்த குடும்பங்கள் கொழும்பிற் பல. கொட்டாஞ்சேனையும் அத்துயரை அறியும். இந்நிலையில் அம்மொழியை விரும்பிக் கற்க என்று கூறுவது புண்ணிற் கைவைப்பதன்றோ என்பர். இவ்வினாவைப் புறக்கணித்தல் அறமன்று. ஆணையாற் கற்பிக்கப்படும் மொழியில் அன்பு பிறவாது என்பது உண்மை. ஆயின் ஆணைக்கும் ஆய்வுக்கும் வேற்றுமை உண்டு. ஆணைக்குக் கற்பவர் விண்ணப்பம் எழுதும் அளவிற்குக் கற்று நின்றுவிடுவர். ஆய்வுக்குக் கற்பவர், தம்மைத் துன்புறுத்திய அரசின் மொழி வேறு, அம்மொழியிற் றாலாட்டுப் பாடிய தாயின் மொழி வேறு என்று உணருமளவிற்குச் செல்வர். ஒரு மொழியை அதன் பெயரால் ஆண்டவரிடமே விட்டுவிடுவது அம்மொழிக்கும் நீதியன்று, விட்டவர்க்கும் நன்மையன்று. 1987 ஆம் ஆண்டு 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்திற் கதவு திறந்தபின்னரும் கல்வியில் அது சாத்திக்கிடப்பது பெருங்குறையாகும்.

செய்ய இயலாத ஒன்றை இது வேண்டவில்லை என்பதற்குச் சான்றுகள் உள. சிதத் சங்கராவ என்னும் சிங்கள இலக்கணத்தில் வீரசோழியத்தின் சாயலை அறிஞர் காட்டியுள்ளனர். இசலே தம்மரத்ன தேரர் தமிழ் கற்று மணிமேகலையைச் சிங்களத்திற் றந்தார். அறிஞர் ம. மு. உவைஸ் மாட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய நாவலைக் கிராமப் பிறழ்வு எனத் தமிழாக்கினார். இஸ்லாமியத் தமிழிலக்கியத்தை ஆராய்ந்து உலகுக்குக் காட்டிய அவரே சிங்கள நாவலைத் தமிழர்க்குக் காட்டினார் என்பது கருதத்தக்கது. ஒரு பிக்குவும் ஒரு முஸ்லிம் அறிஞரும் இவ்வாறு செய்திருக்க, தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெறும் மாணவருட் சிங்கள மூலநூல் ஒன்றையேனும் எழுத்தெண்ணிக் கற்றவர் எத்துணையர்? சிங்களச் சிறப்புப் பட்டம் பெறுவோருட் புறநானூற்றுப் பாட்டு ஒன்றையேனும் தமிழிற் படித்தவர் எத்துணையர்? இவ்விரு வினாக்களும் சேர்த்தே எழுப்பப்படல் வேண்டும். ஒன்றை மட்டும் எழுப்புவது மீண்டும் வாதேயாகும்.

பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்தில் இதற்கெனப் பெருமாற்றம் வேண்டுவதில்லை. சிறப்புப் பட்ட மாணவர் ஒவ்வொருவரும் அயல்மொழி மூலநூல் ஒன்றை அம்மொழி ஆசிரியரிடமே ஓராண்டு கற்கட்டும். மனமேயும் இராவணேசனும் ஒரே வினாத்தாளில் இடம்பெறட்டும். வெளிவாரிப் பட்டத்திற்குப் படிப்போர் நூலகமும் விரிவுரையும் எட்டாதிருப்பதைக் குறையாகக் கூறுவர். அது மெய்யான குறையே. பகலிற் றொழில்செய்து இரவில் விளக்கடியிற் பயிலும் அவர்க்குச் சக மாணவர் இல்லை, விவாதிக்க அவையில்லை. ஆயினும் கொட்டாஞ்சேனையில் வாழும் வெளிவாரி மாணவருக்குப் பேராதனை மாணவர்க்கும் எளிதிற் கிட்டாத ஒன்று உண்டு. அடுத்த வீட்டார் சிங்களம் பேசுகின்றனர், எதிர்க்கடையார் இசுலாமியர், பின்வீதியார் இலத்தீன் வழிபாட்டின் பழைய பாடல்களை இன்றும் நினைவுகூர்வர். தொம்சன் கடல் கடந்து தேடிய தீவு அவர்தம் வாயிலிலேயே கிடக்கின்றது.

தனிநாயக அடிகள் தமிழுக்கு உலக அவையில் இருக்கை பெற்றுத் தந்தார். கைலாசபதி அவ்விருக்கையிலிருந்து தன்னைப் புகழாமல் தன்னை ஆராயத் தமிழுக்குக் கற்பித்தார். சரச்சந்திரவும் வித்தியானந்தனும் அயலாரைக் காண்பவரே தம்மையும் காண்பர் என்று நிறுவினர். முதல் இருவர் பணி தொடர்வதற்கு நிறுவனங்கள் உள. மூன்றாவது பணிக்கு அயலார் மொழி அறிந்த மாணவர் வேண்டும். அவர்களை ஆக்குவது பல்கலைக்கழகத்தின் கடன். அதற்குமுன், பாடசாலையின் கடன்.

நூதனசாலைக் கல்லிற் புதிதாக ஒரு மொழியை இனிப் பொறித்தல் இயலாது. கற்பவர் உள்ளத்திற் பொறித்தல் இயலும். சீனத்தையும் பாரசீகத்தையும் தேடிச் சென்ற அறிவு, வீட்டு வேலிக்கு அப்பாலுள்ள மொழியையும் ஒருநாள் தேடிவருமாயின், அன்றுதான் உலகப் பண்பாட்டுக் கல்வி என்னும் பெயர் இந்நாட்டிற்குப் பொருந்துவதாகும்.